டிக்கெட் எண் 4471

காட்பாடி காந்தி நகரில் மெஸ்ஸுக்கு மேல் மாடி.
இரவு பதினொன்றுக்கு உலகம் முடிகிறது.
பதினொன்று ஐந்துக்கு
நான் வேலையைத் தொடங்குகிறேன்.

எந்தச் சுவரில் தலை நுழைகிறது,
எந்தப் பிணம் அந்தரத்தில் நிற்கிறது,
ஆடிப் பார்த்துக் குறித்துக் கொடுத்தால்
மாதம் இருபத்திரண்டாயிரம்.
முகப்பில் சிவப்பு வட்டம்: பதினெட்டு வயதுக்கு மேல்.
சபையில் யாராவது கேட்டால்
கணக்கு எழுதுகிறேன் என்பேன்.

வறண்ட ஆறு ஒன்று வேண்டும் என்று
மேலிடத்தில் கேட்டார்கள்.
தஜம்முல் பைக்கில் போய்ப்
பாலாற்றைப் படம்பிடித்து வந்தான்.
லாரித் தடத்தை மட்டும் அழித்தான்.
"உலகம் முடிஞ்சப்புறம் மணல் யாருக்கு வேணும்?"
தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
ஊரே நமக்கு வரைபடம் போட்டு
வைத்திருக்கிறது, சம்பளமில்லாமல்,
என்று சிரித்தான்.

காளானின் மஞ்சளும் அவன் கொண்டுவந்ததுதான்.
ராணிப்பேட்டையில் மூடிய ஆலையின் மதிலோரம்
மழை பெய்தால் ஊறி வருமே, அது.
அதைத் தின்றால்தான் கதை திறக்கும்.

தின்றேன்.
வானம் தோலாயிற்று.
சுண்ணாம்புத் தொட்டியில் மூன்று நாள் ஊறிய தோல்,
மயிர்ப்பக்கம் கீழே.
சூரியன் அதை இழுத்துப் பிடித்த ஆணி.
ஆணி கழன்ற ஓட்டையில் இரவு ஒழுகியது.
கோட்டை அகழியில் தண்ணீருக்குப் பதில்
டோக்கன் எண்கள்,
கழுத்தளவு நின்று
என் எண்ணைக் கூப்பிடக் காத்திருந்தேன்.
பையில் இருந்த ஒரே ஆயுதம்
ஒரு முள்ளுக்கத்தரிக்காய்.
லாட்ஜ் வரவேற்பில் ஆட்டுத்தலை மனிதன்
வங்காளத்தில் நலம் விசாரித்தான்,
சாவிக்குப் பதில் எக்ஸ்ரே தந்தான்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்
என் கட்டைவிரல்.

அறை 207.
மிஞ்சிய ஒருவன், மிஞ்சிய ஒருத்தி.
சட்டையைக் கழற்றினார்கள், பிறகு தோலை,
சுருக்கம் விழாமல்
ஒரே கொக்கியில் மாட்டினார்கள்.
படுத்தார்கள்.
அவள் கை அவன் முதுகில் நிற்கவில்லை.
உள்ளே போய், மார்பு வழியாக வெளியே வந்து
மெத்தையைத் தடவியது.

டிக்கெட் 4471: கை முதுகைக் கடந்து போகிறது.
திருத்தி அனுப்பினான்.
கடந்து போனது.
பதினோரு தடவை அனுப்பினான்,
பதினோரு தடவையும் அவர்களைப் படுக்க வைத்தேன்,
டீ ஆறிப்போனது.
பன்னிரண்டாவதில் அந்தப் பெண்
அவனை விட்டு என் பக்கம் திரும்பினாள்.
"நீ தொட்டு எத்தனை நாளாச்சு?"

வசனக் கோப்பில் தேடினேன். இல்லை.
தஜம்முலைக் கேட்டேன்.
நான் எழுதலை என்றான்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு;
கண்ணோரம் லேசாக மஞ்சள்.

முதல் பஸ்.
பாலத்துக்குக் கீழே
அவன் அழித்த லாரித் தடம் அப்படியே இருந்தது.
கத்திரி வெயில் இன்னும் ஏறவில்லை,
அதற்குள் ஜன்னல் கம்பி சுட்டது.

சத்துவாச்சாரி வீட்டில்
தேவநேசன் ஆம்பூர் ஷூ கம்பெனிப் பசை வாசத்தோடு
சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறான்.
நான் வரும்போது அவன் தூங்குவான்,
அவன் போகும்போது நான்.
கதவுக் கொக்கியில் அவன் சட்டை.
அதன் மேலேயே என் துப்பட்டாவை மாட்டினேன்.
கையை நீட்ட
கொஞ்ச நேரம் பிடித்தது,
பயம்தான், வேறென்ன.

நின்றது.
வியர்த்த, சூடான, கொஞ்சம் பிசுபிசுத்த முதுகு.
"மணி என்ன" என்றான் தூக்கத்திலேயே.
"ஆறு."
போன் அதிர்ந்தது.
தஜம்முல்: சரிபண்ணிட்டேன், பாத்துட்டு மூடிடு.

பார்க்கவில்லை.
அவன் முதுகில் வேர்க்குரு
எப்போது இவ்வளவு வந்தது என்று
விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.